சிவிலைசேஷன் 6: உள்நாட்டு வணிகப் பாதையின் பலன் எந்த நகரத்துக்குச் சேர்கிறது?

நெடுவழி கேட்டது:

வணக்கம். நாகரிகங்களைக் கட்டியெழுப்பும் கணினி விளையாட்டான சிவிலைசேஷனின் ஐந்தாம் பதிப்பைப் பல ஆண்டுகளாக ஆடிவந்த நான், அண்மையில்தான் கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துடன் ஆறாம் பதிப்புக்கு மாறியிருக்கிறேன். டிஸ்ட்ரிக்டுகளும் (நகரத்தைச் சுற்றித் தனிக் கட்டங்களில் எழுப்பும் சிறப்புப் பகுதிகள்) வீட்டுவசதிக் கணக்கும் ஓரளவு பழகிவிட்டன. வணிகப் பாதைகள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். டிராஜனின் ரோமை எடுத்து, வழக்கமான வேகத்தில் ஆடுகிறேன். தலைநகரம் கடலோரத்தில் இருக்கிறது. அதில் கமர்ஷியல் ஹப், ஹார்பர் இரண்டையும் கட்டிவிட்டேன். இரண்டாம் நகரத்தில் ஒரு கேம்பஸ் உள்ளது. மூன்றாம் நகரத்தை இரும்புக்காகக் கடலிலிருந்து விலகிய உட்பகுதியில், ஆறோ ஏரியோ இல்லாத வறண்ட இடத்தில் நிறுவினேன். அதன் உற்பத்தி 3, உணவு உபரி 1. இந்த நகரத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பதற்காகத் தலைநகரத்திலிருந்து ஒரு வணிகரையும் இரண்டாம் நகரத்திலிருந்து இன்னொரு வணிகரையும் அதற்கே அனுப்பினேன். இருபது சுற்றுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மூன்றாம் நகரத்தின் மக்கள்தொகை இரண்டிலேயே நிற்கிறது, கிரானரி (தானியக் களஞ்சியம்) கட்ட 22 சுற்றுகள் ஆகும் என்று முதலில் காட்டிய எண்ணும் ஒரு சுற்றுக்கு ஒன்றாகத்தான் குறைகிறது. ஐந்தாம் பதிப்பில் இதே வேலையைச் செய்தால் சிறு நகரம் கண்முன்னே வளர்ந்துவிடும். இங்கே என்ன தவறு செய்கிறேன்?

இதனுடன் வேறு மூன்று ஐயங்களும் உள்ளன. தலைநகரத்தில் மார்க்கெட்டும் லைட்ஹவுஸும் கட்டிய பிறகும் பாதைகளின் எண்ணிக்கை இரண்டுக்கு மேல் ஏறவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை கிடைக்கும் என்றே நான் புரிந்துகொண்டிருந்தேன். கண்டத்தின் மறுமுனையில் இருக்கும் ஒரு நாட்டின் தலைநகரத்தை நான் கண்டுபிடித்துவிட்ட போதிலும் அது வணிகரின் பட்டியலில் வருவதே இல்லை. கடைசியாக, பாதையை உள்நாட்டில் வைத்துக்கொள்வது நல்லதா, வெளிநாட்டுக்கு அனுப்புவது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சாத்துவன் பதில்:

நண்பரே, உங்கள் தவறு ஒன்றுதான், அது ஐந்தாம் பதிப்பின் பழக்கத்திலிருந்து வந்தது. ஐந்தில் உள்நாட்டுப் பாதை என்பது மூட்டை சுமந்துபோகும் சாத்து. அனுப்பும் நகரத்தில் கிரானரி இருந்தால் உணவையும், வொர்க்‌ஷாப் இருந்தால் உற்பத்தியையும் அனுப்பலாம். போய்ச் சேரும் நகரம் அதைப் பெற்றுக்கொள்ளும். ஆறாம் பதிப்பில் இது தலைகீழாகிவிட்டது. வணிகர் எந்த நகரத்திலிருந்து புறப்படுகிறாரோ அந்த நகரத்துக்கே பலன் சேரும். எவ்வளவு சேரும் என்பதைத்தான் போய்ச் சேரும் நகரம் தீர்மானிக்கிறது. இங்கே வணிகர் கொடுக்கப் போவதில்லை, வாங்கிவரப் போகிறார் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் எஞ்சியதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

ஆகவே நீங்கள் செய்தது, வளர்ந்த இரண்டு நகரங்களை ஒன்றுமில்லாத ஊருக்குக் கொள்முதல் செய்ய அனுப்பியதற்கு ஒப்பானது. அங்கே நகர மையத்தைத் தவிர வேறு டிஸ்ட்ரிக்ட் எதுவும் இல்லையென்பதால், மையம் தரும் 1 உணவையும் 1 உற்பத்தியையும் மட்டும் பெற்றுக்கொண்டு உங்கள் தலைநகரமும் இரண்டாம் நகரமும் திரும்பின. மூன்றாம் நகரத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கணக்கு இப்படி ஓடுகிறது. உள்நாட்டுப் பாதையில், போய்ச் சேரும் நகரத்தின் கேம்பஸ், ஹோலி சைட், தியேட்டர் ஸ்கொயர், என்டர்டெயின்மென்ட் காம்ப்ளெக்ஸ் ஆகியவை ஒவ்வொன்றும் 1 உணவைக் கூட்டும். கமர்ஷியல் ஹப், ஹார்பர், இண்டஸ்ட்ரியல் சோன், என்கேம்ப்மென்ட் ஆகியவை ஒவ்வொன்றும் 1 உற்பத்தியைக் கூட்டும். போய்ச் சேரும் நகரத்தின் மக்கள்தொகை இருபதா இரண்டா என்பதைப் பற்றி விளையாட்டுக்கு இங்கே கவலையே இல்லை, அதில் எத்தனை டிஸ்ட்ரிக்டுகள் முடிந்து நிற்கின்றன என்பதை மட்டுமே பார்க்கிறது.

இப்போது உங்கள் இரு வணிகர்களும் மூன்றாம் நகரத்திலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நகரத்திலிருந்து இரண்டு பாதைகளை வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பத் தடையில்லை. தலைநகரத்துக்குச் செல்பவர் மையத்துக்காக 1 உணவு, 1 உற்பத்தி, கமர்ஷியல் ஹப்புக்கும் ஹார்பருக்குமாக 2 உற்பத்தி, ஆக 1 உணவும் 3 உற்பத்தியும் கொண்டுவருவார். இரண்டாம் நகரத்துக்குச் செல்பவர் கேம்பஸின் தயவால் 2 உணவும் 1 உற்பத்தியும் கொண்டுவருவார். இரண்டையும் கூட்டினால் 3 உணவு, 4 உற்பத்தி. வெறும் 3 உற்பத்தியோடு திணறிக்கொண்டிருந்த நகரம் 7 உற்பத்திக்கு வந்துவிடுகிறது. கிரானரியின் விலை 65 உற்பத்தி என்பதால், முதலிலிருந்து தொடங்கினாலும் 22 சுற்றுகள் 10 சுற்றுகளாகக் குறைந்துவிடும்.

இதில் உணவைவிட உற்பத்தியே உங்களுக்கு இப்போது முக்கியம் என்பதையும் கவனியுங்கள். நன்னீரோ கடலோரமோ இல்லாத நகரத்துக்கு அடிப்படை வீட்டுவசதி 2 மட்டுமே. மக்கள்தொகை அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் வளர்ச்சி கால் பங்காகச் சுருங்கிவிடும். அதன்பின் எவ்வளவு உணவைக் கொட்டினாலும் பெரும்பகுதி வீணாகும். உங்கள் நகரம் இரண்டிலேயே நிற்பதற்கு இதுவே பாதிக் காரணம். கிரானரி 2 வீட்டுவசதி தரும், எனவே முதலில் அதை முடிப்பதற்கான உற்பத்தியைத் தலைநகரத்திலிருந்து வாங்கிவாருங்கள், உணவு அதன்பின்தான் வேலை செய்யும்.

---

கலங்கரை பதில்:

சாத்துவன் சொன்னதற்கு மேல் முதல் கேள்விக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற இரண்டு ஐயங்களை எடுத்துக்கொள்கிறேன்.

பாதைகளின் எண்ணிக்கையை முதலில் தருவது ஃபாரின் டிரேட் என்னும் சிவிக் (பண்பாட்டுப் புள்ளிகளால் கற்கும் முன்னேற்றம்). (இரண்டாவது கண்டம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்கான ஆய்வு 40 விழுக்காடு தானாக நகர்ந்துவிடும் என்பதால், முதல் சாரணரை வீட்டருகே சுற்றவிடாமல் நேராக ஓடவிடுவது என் வழக்கம்.) அதற்குப் பிறகு, மார்க்கெட் அல்லது லைட்ஹவுஸ் உள்ள ஒவ்வொரு நகரமும் ஒரு பாதையைக் கூட்டும். 'அல்லது' என்ற சொல்தான் இங்கே உங்களை ஏமாற்றியிருக்கிறது. ஒரே நகரத்தில் இரண்டையும் கட்டினாலும் ஒன்றுக்கான பலன் மட்டுமே கிடைக்கும். தலைநகரத்தில் நீங்கள் கட்டிய இரண்டாவது கட்டடம் தங்கமோ உணவோ தரலாம், பாதையைத் தராது. பழைய வழிகாட்டிகளில் டிஸ்ட்ரிக்ட் கட்டியவுடனேயே பாதை கிடைக்கும் என்று படித்தால் குழம்ப வேண்டாம். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது, பின்னர் கட்டடமும் வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

எனவே பாதைகள் பெருக வேண்டுமானால் நகரங்கள் பெருக வேண்டும். ஆறு நகரங்கள் இருந்து, ஆறிலும் மார்க்கெட்டோ லைட்ஹவுஸோ இருந்தால், ஃபாரின் டிரேடின் ஒன்றையும் சேர்த்து ஏழு பாதைகள். இதற்கு வெளியே கொலோசஸ், கிரேட் ஜிம்பாப்வே ஆகிய அதிசயங்கள் தலா ஒன்றைத் தரும், மார்க்கோ போலோ, ஜாங் சியன் போன்ற மாபெரும் வணிகர்களும் ஒவ்வொன்றைத் தருவார்கள். பாதைக்கான இடம் கிடைப்பதும் வணிகர் கிடைப்பதும் வேறு வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள். இடம் காலியாக இருந்தால் வணிகரை நீங்களேதான் உருவாக்க வேண்டும் அல்லது தங்கம் கொடுத்து வாங்க வேண்டும். புதிதாக ஆடுபவர்களின் நாட்டில் பல சுற்றுகளாக ஒரு இடம் காலியாகவே கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொலைவைப் பொறுத்தவரை, நிலத்தில் 15 கட்டங்கள், நீரில் 30 கட்டங்கள் என்பதே எல்லை. செலஸ்டியல் நேவிகேஷன் என்ற தொழில்நுட்பத்தைக் கற்ற பிறகே வணிகர் கடலில் இறங்க முடியும். உங்கள் பட்டியலில் அந்தத் தலைநகரம் வராததற்குத் தொலைவுதான் காரணமாக இருக்கும். இதைத் தாண்டுவதற்கு டிரேடிங் போஸ்ட் உதவும். ஒரு நகரத்துக்குச் செல்லும் பாதை முடிவடைந்தவுடன் அங்கே உங்கள் போஸ்ட் ஒன்று நிறுவப்படும். அடுத்த முறை அந்த நகரத்தின் வழியாகப் போகும் வணிகருக்கு எல்லை அங்கிருந்து மீண்டும் முதலிலிருந்து கணக்கிடப்படும். அதாவது வழியில் இருக்கும் நகர அரசு (ஒரே நகரம் கொண்ட சிறு நாடு) ஒன்றுக்கு முதலில் அனுப்பினால், அது முடிந்த பிறகு தொலைவிலுள்ள தலைநகரம் பட்டியலில் தோன்றும். வெளிநாட்டுப் போஸ்ட் ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் பாதைக்கு 1 தங்கம் கூடுதலாகக் கிடைக்கும்.

நீங்கள் ஆடுவது ரோம் என்பதால் இதில் ஒரு சலுகை உண்டு. ரோமின் நகரங்கள் நிறுவப்படும்போதே போஸ்டுடன் பிறக்கின்றன, தலைநகரத்தின் வணிக எல்லைக்குள் இருந்தால் சாலையும் தானாக அமைந்துவிடுகிறது, சொந்தப் போஸ்டுகளைக் கடப்பதற்கும் 1 தங்கம் உண்டு. ஆகவே உங்கள் எல்லைப்புற நகரத்திலிருந்து புறப்படும் வணிகர் மற்றவர்களின் வணிகரைவிட எளிதாகத் தொலைவை எட்டுவார். வேறொரு நாட்டை எடுத்து ஆடும்போது இந்த வசதியை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

---

நெடுவழி:

இருவருக்கும் நன்றி. ஐந்தாம் பதிப்பின் நினைவிலேயே திரையைப் படித்திருக்கிறேன். பாதையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் பலன்கள் புறப்படும் நகரத்தின் பெயருக்குக் கீழேதான் காட்டப்படுகின்றன என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

உடனே மாற்ற முயன்றேன். ஒரு வணிகர் தலைநகரத்துக்குத் திரும்பிக் காத்திருந்ததால் அவருடைய புறப்படும் நகரத்தை மாற்றி மூன்றாம் நகரத்துக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாமவர் இன்னும் பாதையிலேயே இருக்கிறார், அவரை நிறுத்தித் திருப்பி அழைக்கும் பொத்தானைத் தேடிக் களைத்துவிட்டேன். அப்படி ஒன்று இல்லையா?

---

சாத்துவன்:

இல்லை. தொடங்கிவிட்ட பாதையை நாமாக நிறுத்த முடியாது. குறைந்தது 20 சுற்றுகள் ஓடும். அந்த எண்ணிக்கை நிறைந்த பிறகும் வணிகர் போய்த் திரும்பும் பயணத்தை முடித்தால்தான் விடுதலை. அதனால்தான் நெடுந்தொலைவுப் பாதைகள் இருபதைத் தாண்டியும் நீளுகின்றன. பின்வரும் யுகங்களில் இந்தக் காலம் இன்னும் கூடும். போர் மூளப்போகிறது என்று தெரிந்தால் அந்தத் திசையில் புதுப் பாதை தொடங்காமலிருப்பது இதற்காகவும்தான்.

---

கணக்கன் பதில்:

நான்காவது கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை, அதுவே உண்மையில் சுவையான கேள்வி. இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை 'எப்போதும் உள்நாடுதான்' என்பது. அதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு, மீதிப் பாதியை இங்கே விளக்குகிறேன்.

வெளிநாட்டுப் பாதையில் போய்ச் சேரும் நகரத்தின் மையம் 3 தங்கமும், கமர்ஷியல் ஹப்பும் ஹார்பரும் தலா 3 தங்கமும் தரும். கேம்பஸ் 1 அறிவியலும், தியேட்டர் ஸ்கொயர் 1 பண்பாடும், ஹோலி சைட் 1 ஃபெயித்தும், இண்டஸ்ட்ரியல் சோன் 1 உற்பத்தியும் கூட்டும். கமர்ஷியல் ஹப், கேம்பஸ், இண்டஸ்ட்ரியல் சோன் ஆகிய மூன்றும் உள்ள ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். அது அயல்நாட்டு நகரமானால் 6 தங்கம், 1 அறிவியல், 1 உற்பத்தி கிடைக்கும். அதே அமைப்புள்ள நகரம் உங்களுடையதானால் 2 உணவும் 3 உற்பத்தியும் கிடைக்கும்.

இவ்விரண்டையும் ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவு வேண்டும். இந்த விளையாட்டில் ஒரு கட்டடத்தையோ படையையோ தங்கம் கொடுத்து வாங்கினால், உற்பத்தி விலையைப் போல் நான்கு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். 60 உற்பத்தி மதிப்புள்ள மான்யுமென்டுக்கு 240 தங்கம். ஆகவே ஒரு உற்பத்திக்கு நான்கு தங்கம் என்று மாற்று விகிதம் வைத்தால், உள்நாட்டுப் பாதையின் 3 உற்பத்தி மட்டுமே 12 தங்கத்துக்குச் சமம், அதற்கு மேல் 2 உணவு. வெளிநாட்டுப் பாதை 6 தங்கத்தோடு 1 உற்பத்திக்கான 4-ஐயும் சேர்த்து 10 தங்கம், அதற்கு மேல் 1 அறிவியல். முதற்பார்வைக்கு உள்நாடே வெல்கிறது. கேரவன்செரீஸ் என்ற கொள்கை அட்டையைப் போட்டால் ஒவ்வொரு பாதைக்கும் 2 தங்கம் கூடும் என்றாலும், அது உள்நாட்டுப் பாதைக்கும் சேர்த்துத்தான் என்பதால் இடைவெளி மாறுவதில்லை.

எனினும் இந்த விகிதம் ஒரு செய்தியை மறைத்துவிடுகிறது. உற்பத்தி அது பிறந்த நகரத்திலேயே செலவாக வேண்டும். தங்கமோ நாடு முழுவதற்கும் பொதுவானது. ஐந்தாம் நகரத்தை எதிரி முற்றுகையிடும்போது முதல் நகரத்தின் பாதை ஈட்டிய தங்கத்தைக் கொண்டு அங்கே அதே சுற்றில் ஒரு வில்லாளியை நிறுத்தலாம். இன்னொரு பக்கம், டிஸ்ட்ரிக்டைத் தங்கம் கொடுத்து வாங்க முடியாது (ரேய்னா என்ற ஆளுநருக்கு அதற்கான பதவி உயர்வு கொடுத்திருந்தாலொழிய). எனவே நான் பின்பற்றும் வழி இது: ஒரு நகரம் அதன் முதல் இரண்டு டிஸ்ட்ரிக்டுகளை முடிக்கும் வரையில் அதன் வணிகர் உள்நாட்டில்தான் ஓடுவார். டிஸ்ட்ரிக்டுகள் எழுந்து, இனி அவற்றுக்குள் கட்டடங்களை அடுக்குவதே வேலை என்ற நிலைக்கு வந்தபின், அவரை வெளிநாட்டுக்குத் திருப்பிவிட்டு, வரும் தங்கத்தால் கட்டடங்களை வாங்குவேன்.

உள்நாட்டிலேயே தங்குபவர்கள் மேக்னஸ் என்ற ஆளுநரையும் நினைவில் வைக்க வேண்டும். சர்ப்ளஸ் லாஜிஸ்டிக்ஸ் என்ற பதவி உயர்வு அவருக்கு இருந்தால், அவர் இருக்கும் நகரத்தில் முடியும் உங்கள் பாதை ஒவ்வொன்றும் புறப்படும் நகரத்துக்கு 2 உணவைக் கூடுதலாகத் தரும். டிஸ்ட்ரிக்டுகள் நிறைந்த தலைநகரத்தில் அவரை அமர்த்திவிட்டு, புதிதாகப் பிறக்கும் நகரங்கள் எல்லாவற்றையும் அங்கேயே அனுப்பினால், நான்கைந்து குழந்தை நகரங்கள் ஒரே தாயிடம் உண்டு வளரும்.

---

எல்லைக்காவல் பதில்:

கணக்கனின் கணக்கு சரி, ஆனால் பாதை முழுதாக முடிந்தால்தான் அது சரி. அடிக்கடி கொள்ளைபோகும் வெளிநாட்டுப் பாதையின் மதிப்பு திரையில் காட்டப்படும் எண் அல்ல.

எந்த நாட்டையும் சேராத பார்பேரியன் ஒருவனோ போரில் இருக்கும் நாட்டின் படையோ வணிகர் நிற்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால் பாதையைக் கொள்ளையிடலாம். வணிகர் அழிந்துவிடுவார், கொள்ளையிட்டவனுக்குத் தங்கம் கிடைக்கும். பாதைக்கான இடம் உங்களிடமே இருக்கும் என்றாலும், புது வணிகரை உருவாக்கும் செலவும் அதுவரை வீணாகும் சுற்றுகளும் உங்கள் தலையில் விழும். யுகங்கள் செல்லச் செல்ல வணிகரின் விலையும் ஏறும். எனவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் தோன்றும் பாதைக் கோட்டினைக் கட்டம் கட்டமாகப் பாருங்கள். அது மூடுபனிக்குள், அதாவது உங்கள் பார்வைக்கு எட்டாத பகுதிக்குள், நுழைந்தால், அந்தப் பனிக்குள் பார்பேரியன் முகாம் ஒன்று முளைக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகாம்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியும் கட்டங்களில் தோன்றுவதில்லை. ஆகவே வணிகரைத் துரத்திக்கொண்டு படையை அனுப்புவதைவிட, பாதையின் நடுவே உயரமான ஒரு குன்றின்மேல் ஒரு படையை நிறுத்திச் சுற்றுப்புறத்தைப் பார்வையில் வைப்பது மலிவானது. போர் அறிவித்தால் அந்த நாட்டுக்கான பாதைகள் அறுந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லாத இன்னொன்று சாலை. ஆறாம் பதிப்பின் தொடக்க யுகங்களில் பில்டர்கள் சாலை போடுவதில்லை, நிலத்தில் நடக்கும் வணிகரின் காலடியே சாலையாகிறது. காடோ குன்றோ எதுவாயினும் சாலையுள்ள கட்டத்தைக் கடக்க ஒரே நகர்வு போதும், கிளாசிக்கல் யுகத்துச் சாலை வந்துவிட்டால் ஆற்றின் மேல் பாலமும் உண்டு. அண்டை நாட்டின் மீது படையெடுக்க எண்ணும் ஒருவர், முப்பது சுற்றுகளுக்கு முன்பே அந்நாட்டின் எல்லை நகரத்துக்கு வணிகரை அனுப்பி வைப்பார். அந்தப் பாதை தரும் தங்கம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. கவண் பொறிகளை மலைக்காட்டின் வழியே இழுத்துச் செல்வதற்கு ஆகும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அத்துடன், பாதை ஓடும் நாட்டைப் பற்றிய நம் தூதரகத் தகவலின் நிலை ஒரு படி உயரும். இரு நாடுகளுக்கிடையே அந்தப் படியில் வேறுபாடு இருந்தால் மேலே இருப்பவரின் படைகளுக்குப் போரில் வலிமை கூடும். மங்கோலியாவுக்கு எதிராக ஆடி அடிவாங்கியவர்கள் இதை மறக்க மாட்டார்கள், ஏனெனில் அவர்களுடைய வணிகர் புறப்பட்ட உடனேயே நம் நகரத்தில் போஸ்ட் நிறுவப்பட்டுவிடும், அதற்கும் தகவல் நிலை ஒரு படி ஏறும்.

---

நெடுவழி:

கணக்கன் அவர்களுக்கு ஒரு துணைக்கேள்வி. பண்பாட்டு வெற்றியை நோக்கி ஆடினாலும் இதே வரிசைதானா? உள்நாட்டில் தொடங்கிப் பிறகு வெளிநாடு?

---

கணக்கன்:

தொடக்கம் அதேதான், திரும்பும் நேரம் முன்கூட்டியே வந்துவிடும், நோக்கமும் வேறு. ஒரு நாட்டுக்கு உங்கள் வணிகப் பாதை ஒன்று ஓடினால் அந்நாட்டின் மீது உங்கள் சுற்றுலா ஈர்ப்பு 25 விழுக்காடு கூடும். ஒரே நாட்டுக்கு ஐந்து பாதைகள் அனுப்பினாலும் அதே 25தான். எனவே சுற்றுலா ஈர்ப்பு ஓரளவு சேர்ந்த பிறகு, தங்கம் அதிகம் தரும் நகரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் குறைந்தது ஒன்று என்று பாதைகளைப் பரப்ப வேண்டும். கலங்கரை சொன்ன டிரேடிங் போஸ்ட் தொடரை நூறாவது சுற்றிலேயே போட்டு வைக்காதவர்கள், கடைசியில் ஒரே ஒரு நாடு எட்டவில்லை என்று தவிப்பதை இங்கேதான் பார்க்கலாம்.

நகர அரசுகள் 'எங்களுக்கு ஒரு வணிகப் பாதை அனுப்புங்கள்' என்று கேட்கும் கோரிக்கையையும் தட்டாதீர்கள். அதற்குக் கிடைக்கும் ஒரு தூதர், 6 தங்கத்தைவிட மேலானவர். கூமாசி என்ற நகர அரசின் தலைமை உங்களிடம் இருந்தால் நகர அரசுகளுக்கான பாதைகளே உங்கள் முதன்மையான பண்பாட்டு ஊற்றாகிவிடும், ஏனெனில் புறப்படும் நகரத்தின் ஒவ்வொரு சிறப்பு டிஸ்ட்ரிக்டுக்கும் 2 பண்பாடும் 1 தங்கமும் அது தருகிறது. இங்கே மட்டும் போய்ச் சேரும் இடத்தைவிடப் புறப்படும் இடத்தின் டிஸ்ட்ரிக்டுகள் கணக்கில் வருகின்றன என்பதால், நன்கு வளர்ந்த நகரத்திலிருந்து அனுப்புவதே சரி.

---

கலங்கரை:

நாட்டுக்கு நாடு இந்த விதிகள் வளைவதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ரோமில் கற்றதை அடுத்த ஆட்டத்தில் அப்படியே செய்து மீண்டும் இங்கே கேட்க நேரிடும். மான்சா மூசாவின் மாலிக்கு, புறப்படும் நகரத்திலுள்ள ஒவ்வொரு சமதளப் பாலைவனக் கட்டத்துக்கும் வெளிநாட்டுப் பாதையில் 1 தங்கம் கூடும். ஆனால் கட்டடங்களுக்கும் படைகளுக்குமான அவர்களுடைய உற்பத்தி 30 விழுக்காடு குறைவு. கணக்கன் வைத்த நான்குக்கு ஒன்று என்ற விகிதம் மாலியில் செல்லாது, உள்நாட்டுப் பாதையை நான் அங்கே ஏறக்குறையத் தொடுவதே இல்லை. போர்ச்சுகல் வெளிநாட்டுப் பாதைகளைக் கடலோர நகரங்களுக்கோ ஹார்பர் உள்ள நகரங்களுக்கோ மட்டுமே அனுப்ப முடியும், அதற்கு ஈடாகப் பலன்கள் அனைத்தும் 50 விழுக்காடு கூடும். அது வரைபடத்தைப் பொறுத்த சூதாட்டம். எல்லோரும் கடலிலிருந்து விலகி நகரம் வைத்திருக்கும் ஒற்றைக் கண்ட வரைபடத்தில் போர்ச்சுகலை எடுத்துத் தவித்த அனுபவம் எனக்கு உண்டு. க்ரீ மக்களுக்கோ மட்பாண்டத் தொழில்நுட்பம் கற்றவுடனேயே ஒரு பாதையும் ஒரு வணிகரும் இலவசம், அவர்களுடைய நகரத்திலிருந்து மூன்று கட்டங்களுக்குள் வணிகர் முதன்முறை மிதிக்கும் உரிமையற்ற நிலமெல்லாம் அவர்களுக்கே சொந்தமாகும். அங்கே பாதையைத் தேர்வது விளைச்சலுக்காக அல்ல, எந்த நிலத்தை வளைத்துப்போட வேண்டும் என்பதற்காக.

---

சாத்துவன்:

ஒரு சிறு பின்குறிப்பு, ஏழாம் பதிப்புக்கு மாற எண்ணுபவர்களுக்காக. நான்காம் பதிப்பில் வணிகரே கிடையாது. நகரங்கள் சாலையாலோ ஆற்றாலோ கடற்கரையாலோ இணைந்திருந்தால் பாதைகள் தாமாகவே அமைந்துவிடும். ஐந்தில் வணிகர் கொண்டுபோய்க் கொடுத்தார், ஆறில் வாங்கிவருகிறார். ஏழிலோ மெர்ச்சன்ட் வெளிநாட்டு ஊருக்குப் போய்ப் பாதையை நிறுவியவுடன் அந்த ஊரின் வளங்கள் அனுப்பியவருக்குக் கிடைக்கின்றன, தங்கம் எதிர்த்தரப்புக்குப் போகிறது. திசை ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்பதால், எந்தப் பதிப்பைத் திறந்தாலும் முதல் வணிகரை அனுப்பிய மறுசுற்றில் இரு நகரங்களின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

---

நெடுவழி:

முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வணிகரும் விடுபட்டு மூன்றாம் நகரத்திலிருந்தே புறப்பட்டுவிட்டார். கிரானரி முடிந்தது, மக்கள்தொகை நான்கைத் தொட்டவுடன் அங்கே கமர்ஷியல் ஹப்பைத் தொடங்கியிருக்கிறேன். ஆறு இல்லாததால் அருகிலுள்ள கட்டங்களால் கிடைக்கும் அண்மைப் பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றாலும், மார்க்கெட் வந்தால் மூன்றாவது பாதை கிடைக்கும் என்ற கணக்கில்தான். எல்லைக்காவல் சொன்னபடி பாதைக் கோட்டினை வரைபடத்தில் பார்த்ததில், தலைநகரத்துக்கான வழி வடக்குப் பனிக்குள் இரண்டு கட்டங்கள் நுழைகிறது. அங்கே ஒரு ஈட்டிக்காரனை நிறுத்தியிருக்கிறேன்.

---

எல்லைக்காவல்:

ஈட்டிக்காரன் போதும், ஆனால் அவனைப் பாதையின் மேல் நிறுத்தாமல் ஒரு கட்டம் வடக்கே தள்ளி நிறுத்துங்கள். பனி அந்த அளவுக்குப் பின்வாங்கும்.